அப்டேட் போட்டா வைஃபை போச்சு!

கிராமத்துல ஒரு கம்ப்யூட்டர் எப்படிச் சாகும்னு டவுன்ல இருக்கிற உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. உங்க வீட்டுல பேட்டரி உப்பும், ஸ்கிரீன்ல கோடு விழும், கடைசியா எக்ஸ்சேஞ்ச் ஆஃபர்ல போயிடும். எங்க பக்கம் அப்படி இல்லைங்க. மெஷின் நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருக்கும். கீபோர்டுல ரெண்டு எழுத்து தேய்ஞ்சிருக்கும், அவ்வளவுதான். திடீர்னு ஒரு நாள் அப்டேட் ஆகும். மறுபடி ஆன் ஆகும்போது மூலையில இருந்த வைஃபை படம் காணாமப் போயிருக்கும். நெட் இல்லாத லேப்டாப்பை வெச்சுக்கிட்டு நாங்க என்ன பண்றது? பாட்டு கேக்க போன் இருக்கு, சினிமா பாக்க டிவி இருக்கு. அதனால அது பரண் மேல ஏறிடும். பக்கத்துல போன தீபாவளிக்கு வாங்கின மத்தாப்பு டப்பா இருக்கும்.

இப்படிப் பரண் ஏறின லேப்டாப் எங்க கொண்டப்பநாயக்கன்பட்டியில எனக்குத் தெரிஞ்சே ஏழெட்டு இருக்கு. எல்லாம் 'அம்மா லேப்டாப்'. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு ஜெயலலிதா ஆரம்பிச்சு வெச்ச விலையில்லா மடிக்கணினித் திட்டத்துல வந்ததுங்க. எல்காட் மூலமா டெண்டர் விட்டு லட்சக்கணக்குல வாங்கி, பிளஸ் டூ பசங்களுக்கும் காலேஜ் பசங்களுக்கும் கொடுத்தாங்க. அந்தத் திட்டத்தைப் பத்தி டவுன்ல ஆயிரம் கிண்டல் பேசுவாங்க. பேசட்டும். எங்க தெருவுல முதல் கம்ப்யூட்டர் வந்தது அது வழியாத்தான். எத்தனையோ வீட்டுல இன்னைக்கும் இருக்கிற ஒரே கம்ப்யூட்டர் அதுதான்.

கம்பி இழுத்துக்க வேண்டியதுதானே, வைஃபை எதுக்குன்னு கேப்பீங்க. எங்க வீடு தோட்டத்துக்குள்ள இருக்கு. ஃபைபர் லைன் ஊருக்குள்ள தம்பி வீட்டோட நிக்குது. நடுவுல ஒரு மரவள்ளிக் காடு. லேன் கேபிளுக்குக் கணக்கு நூறு மீட்டர், அதுக்கு மேல போனா நடுவுல ஒரு பெட்டி வைக்கணும், பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கணும். கேபிளை மண்ணுக்குள்ள பொதைச்சா எலி கடிக்கும், மேல போட்டா டிராக்டர் ஏறும். அதனால ஒரு யூஎஸ்பி வைஃபை அடாப்டர், நீளமா ஆன்டெனா வெச்சது, வாங்கி ஜன்னல் ஓரமா மாட்டியிருக்கோம். கிழங்குச் செடி ஆள் உசரத்துக்கு வளர்ந்து நிக்கிற மாசத்துல சிக்னல் ரெண்டு கட்டம். கிழங்கு புடுங்கினதும் நாலு கட்டம். இலையில இருக்கிற தண்ணி ரேடியோ அலையைக் குடிச்சிடுதுன்னு பையன் சொன்னான். வைஃபையிலயும் அறுவடைக் காலம் உண்டுன்னு நான் சொல்லிக்குவேன்.

அந்த அடாப்டர் வாங்கி பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. பையனோட 2012 பேட்ச் லேப்டாப்புல விண்டோஸ் 7 ஓடின காலத்துல சி.டி. போட்டு டிரைவர் ஏத்தினது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓட விண்டோஸ் 7-க்கு முழுக்குப் போட்டுச்சு. அதுக்கப்புறம் பிரவுசர் பழசு, பேங்க் சைட் திறக்கல, அது வரல இது வரலன்னு ஆனதும் டவுன்ல ஒரு கடையில கொடுத்து விண்டோஸ் 10 போட்டோம். லேப்டாப் ஓடுச்சு. அடாப்டர் மட்டும் செத்த கோழி மாதிரி கிடந்துச்சு. கடைக்காரர் சொன்னார்: "அண்ணே, அது பழைய மாடல், இனிமே வராது, தூக்கிப் போட்டுட்டு புதுசு ஒண்ணு வாங்கிக்கங்க." கம்பெனி வெப்சைட்டுல போய்ப் பார்த்தா எக்ஸ்பி, விஸ்டா, செவன், அதோட பட்டியல் முடிஞ்சு போச்சு. விளக்கு எரியுது, சூடு ஏறுது, ரேடியோ உள்ள உயிரோட இருக்கு. ஆனா 'வராது'.

இந்த 'வராது'ங்கிற வார்த்தை மேலதாங்க எனக்குக் கோவம்.

சேலத்துல லேத் பட்டறைக்குப் பஞ்சம் இல்லை. எங்கப்பா காலத்து ஆயில் இன்ஜின் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு புஷ் தேய்ஞ்சா பட்டறைக்கு எடுத்துட்டுப் போவோம். அளவெடுத்துக் கடைஞ்சு கொடுப்பார். கம்பெனி இருக்கா மூடிட்டாங்களான்னு அவர் கேட்டதே இல்லை. மோட்டார் எரிஞ்சா காயில் கட்டித் தர ஆள் உண்டு. இரும்புல செஞ்சதை இரும்புல ரிப்பேர் பண்ணலாம். ஏன்னா பொருளைப் பார்த்தாலே அளவு தெரியும். டிரைவர் அப்படி இல்லை. கம்ப்யூட்டருக்கும் அந்த வைஃபை சிப்புக்கும் நடுவுல நின்னு மொழிபெயர்க்கிற சின்ன புரோகிராம்தான் டிரைவர். அதை எழுதினவன் மூல நிரலைக் கொடுக்காம, முடிச்சு வெச்ச பொட்டலமா மட்டும் கொடுத்திருந்தான்னா, எந்தப் பட்டறைக்காரராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. 32 பிட் விண்டோஸுக்குன்னு எழுதின டிரைவரை 64 பிட் விண்டோஸ் ஏத்துக்காது. விண்டோஸ் 11 வந்ததே 64 பிட்ல மட்டும்தான். கம்பெனிக்காரன் திரும்ப உக்காந்து எழுதிக் கையெழுத்து வாங்கினாத்தான் உண்டு. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஐநூறு, அறுநூறு ரூவாய்க்கு வித்த சாமானுக்கு அவன் ஏன் உக்காரப் போறான்? அவனுக்குப் புதுசு விக்கணும்.

பையன் பெங்களூருல இருந்து பொங்கலுக்கு வந்தப்ப ஒரு பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டுக் கொண்டு வந்தான். அதுல லேப்டாப்பை ஏத்தினான். அடாப்டரைச் சொருகினான். ஒரு சி.டி. இல்லை, டவுன்லோடு இல்லை. தம்பி வீட்டு வைஃபை பேரு வந்து நின்னுச்சு. நான் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. 'வராது'ன்னு சொன்ன சாமான்தானே இது?

அதுக்குக் காரணம் கேட்டப்ப அவன் சொன்னது எனக்குப் பிடிச்சிருந்தது. உள்ள இருக்கிறது ஏத்தரோஸ் கம்பெனியோட 9271-ங்கிற சிப். அதுக்கான டிரைவர் 2010-ல இருந்தே லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே இருக்கு. சிப்புக்கு உள்ள ஓடுற ஃபர்ம்வேரோட மூல நிரலையும் பின்னாடி வெளிய விட்டுட்டாங்க. கெர்னலுக்குள்ள இருக்கிற டிரைவருக்கு ஒரு விசேஷம் உண்டு. கெர்னல்ல ஒருத்தர் ஏதாவது அடிப்படையை மாத்துறார்னா, அதனால பாதிக்கப்படுற அத்தனை டிரைவரையும் அவரே சரிபண்ணித்தான் உள்ள சேர்க்கணும். வாய்க்காலைத் திருப்புறவன் கீழ்க்காட்டுக்காரனுக்கும் மடை வெச்சுக் கொடுக்கணும்னு ஊர்ல ஒரு வழக்கம் இருக்கே, அது மாதிரி.

லினக்ஸ்னா எல்லாம் சுபம்னு நான் சொல்ல வரல. அதைச் சொல்றவங்க பாதிப் பேர் கிராமத்துல ஒரு நாள் உக்காந்து சரிபண்ணிப் பார்த்ததில்லை. தம்பி மக குரூப் தேர்வுக்குப் படிக்குது. அதோட லேப்டாப்புல உள்ளயே இருக்கிற வைஃபை போயிடுச்சு. ஆன்லைன்ல ஒரு அடாப்டர் வாங்கினாங்க. பெட்டி மேல 'லினக்ஸ் சப்போர்ட்'னு அச்சடிச்சிருந்துச்சு. உள்ள ரியல்டெக் 8812ஏயூ சிப். அந்த டிரைவர் கெர்னலுக்குள்ள இல்லை. கம்பெனி எப்பவோ வெளிய விட்ட நிரலை யாரோ புண்ணியவான்கள் எடுத்து ஒட்டுப்போட்டு இன்டர்நெட்டுல வெச்சிருந்தாங்க. அதை இறக்கி, நம்ம மெஷின்லயே கட்டி ஏத்தணும். ஏத்தினா ஓடும். அடுத்த கெர்னல் அப்டேட் வந்ததும் போயிடும். திரும்பக் கட்டணும். "பெரியப்பா, மறுபடியும் போயிடுச்சு"ன்னு போன் வரும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை இந்தத் திருவிழா. ஒரு தடவை ஹால் டிக்கெட் எடுக்க வேண்டிய அன்னைக்கே போயிடுச்சு. பாப்பா அழுகாத குறை. போன்ல எடுத்துக்கலாம், கடைக்குப் போய் பிரின்ட் எடுக்கலாம், அதெல்லாம் சரி. ஆனா வீட்டுல ஒரு மெஷின் இருந்தும் கடைசி நேரத்துல பொம்பளப் புள்ள சைக்கிளை எடுத்துக்கிட்டு பிரவுசிங் சென்டருக்கு ஓடணும்னா, அந்த மெஷின் இருந்து என்ன புண்ணியம்?

அதுக்கு டிகேஎம்எஸ்னு ஒரு ஏற்பாடு இருக்கு. கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரையும் தானாவே திரும்பக் கட்டிக்கும். அதைப் போட்ட பிறகு தொல்லை பாதியாச்சு. ரொம்ப வருஷமா இந்த 8812ஏயூ ஒட்டுப்போட்ட துணியாவே ஓடிக்கிட்டு இருந்துச்சு. கடைசியா 2025-ல வந்த கெர்னல்கள்லதான் ஆர்டிடபிள்யூ88-ங்கிற டிரைவருக்குள்ள முறையா இடம் கிடைச்சிருக்கு. கடையில பத்து வருஷமா விக்கிற சிப்புக்கு இப்பத்தான் பட்டா. இனி வர்ற லினக்ஸ்ல சொருகினா ஓடணும். கம்பெனி விளம்பரத்துல இது வராது. ஆனா இந்த வருஷம் எங்க வீட்டுக்கு வந்த நல்ல சேதி இதுதான்.

லினக்ஸ்லயும் வெட்டிவிடுற வேலை நடக்குது, மறைக்கல. இருபது வருஷத்துக்கு முந்தின பிசிஎம்சிஐஏ வயர்லெஸ் கார்டுகளோட டிரைவர்களைச் சமீபத்துல கெர்னல்ல இருந்து எடுத்தாங்க. பார்த்துக்க ஆளும் இல்லை, சோதிச்சுப் பார்க்கக் கார்டும் யார்கிட்டயும் இல்லைன்னு காரணம். அது எனக்கு நியாயமாத்தான் படுது. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13, பழைய 32 பிட் மெஷின்ல புதுசா ஏத்துறதை நிறுத்திடுச்சு. நல்லவேளை, நம்ம அம்மா லேப்டாப்புல விண்டோஸ்தான் 32 பிட்டா இருந்துச்சு, உள்ள இருக்கிற சிப் 64 பிட். அதே டெபியன் 2023 ஜூன்ல வந்த 12-ம் பதிப்புல ஒரு நல்ல காரியம் பண்ணுச்சு. அதுக்கு முன்னாடி அவங்க கொள்கைப்படி மூல நிரல் இல்லாத ஃபர்ம்வேரை இன்ஸ்டால் பண்ற சி.டி.யில சேர்க்க மாட்டாங்க. வைஃபை வேலை செய்ய ஃபர்ம்வேர் வேணும், ஃபர்ம்வேரை இறக்க நெட் வேணும், நெட்டுக்கு வைஃபை வேணும். கிணத்துல தண்ணி இறைக்கக் கயிறு வேணும், கயிறு கிணத்துக்குள்ள கிடக்குதுங்கிற கதை. ஓட்டெடுப்பு வெச்சு அதை மாத்தினாங்க. இப்ப முதல்லயே உள்ள வருது. கொள்கைக்காரங்களுக்கு மனசு கஷ்டம்தான். எனக்கு இல்லை.

இதுல இன்னொரு கட்சி இருக்கு. 'அப்டேட்டே போடாதே, விண்டோஸ் 7-லயே இரு, ஓடுறதை ஏன் தொடுறே'ங்கிற கட்சி. எங்க ஊர்லயும் இதுதான் பெரிய கட்சி. நான் அதுல இல்லை. 2017 அக்டோபர்ல பெல்ஜியத்துல மாத்தி வான்ஹூஃப்ங்கிற ஆராய்ச்சியாளர், டபிள்யூபிஏ2 பாதுகாப்புலயே ஓட்டை இருக்குன்னு காட்டினார். கிராக்னு பேரு வெச்சாங்க. உலகத்துல இருக்கிற வைஃபை எல்லாமே கிட்டத்தட்ட அந்தப் பூட்டுலதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்டேட் போட்டவங்க தப்பிச்சாங்க. போடாதவங்க பூட்டு திறந்தபடியே கிடக்கு. நம்ம பேங்க் கணக்கு, பி.எம். கிசான், பட்டா சிட்டா எல்லாம் இதே மெஷின்லதான் பார்க்கிறோம். அப்டேட் வேணும். அப்டேட் போட்டா ஓடிக்கிட்டு இருந்த சாமான் நிக்கக் கூடாது. ரெண்டையும் சேர்த்துக் கேக்குறது பேராசையா?

2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கும் முடிஞ்சு போச்சு. இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டிச்சுத் தர்றாங்க, 2026 அக்டோபர் வரைக்கும். விண்டோஸ் 11 போகணும்னா டிபிஎம் 2.0 வேணும், அவங்க பட்டியல்ல இருக்கிற பிராசஸர் வேணும். 2012, 2014-ல கொடுத்த இலவச லேப்டாப் எதுவும் அந்தப் பட்டியல் பக்கமே போகாது. லட்சக்கணக்கான மெஷின் ஒரே தேதியில 'பழசு' ஆயிடுச்சு. எங்க ஊர்ப் பரண்ல இடம் பத்தாது.

ஒரு விஷயத்தைப் பிரிச்சுப் பார்க்கணும். எல்லாப் பழைய வயர்லெஸ் சாமானையும் காப்பாத்த முடியாது. டாடா போட்டான், ரிலையன்ஸ் நெட்கனெக்ட்னு ஒரு காலத்துல டாங்கிள் வெச்சிருந்தோம், ஞாபகம் இருக்கா? அது சிடிஎம்ஏ. அந்த நெட்வொர்க்கையே மூடிட்டாங்க. லினக்ஸ் போட்டாலும், கோயிலுக்கு நேந்துக்கிட்டாலும் வராது. ஏர்டெல்லும் 2019, 2020-ல 3ஜியை நிறுத்திடுச்சு. 3ஜி மட்டும் தெரிஞ்ச டாங்கிள் அந்த சிம்முக்கு வெறும் பிளாஸ்டிக். பேச்சுத்துணை போயிட்டா பேச முடியாது. ஆனா வைஃபை அப்படி இல்லை. பத்து வருஷத்துக்கு முந்தின அடாப்டர் பேசுற பாஷையை இன்னைக்கு வாங்குற ரவுட்டரும் பேசும். பேச்சுத்துணை இருக்கு, நடுவுல இருக்கிற மொழிபெயர்ப்பாளர்தான் இல்லை. அதனாலதான் சொல்றேன், அது சாவு இல்லை.

இதுக்கு நம்ம தமிழ்நாட்டுலயே ஒரு பெரிய உதாரணம் இருக்கு. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை. 2000-க்கப்புறம் கிராமங்கள்ல கண் பரிசோதனை மையம் வெச்சாங்க. கிழவி ஊர்லயே உக்காந்திருக்கும், டாக்டர் தேனியில இருந்து வீடியோவுல பார்ப்பார். அதுக்கு நெட் வேணுமே? அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல இருந்து வந்த குழு, வீட்டுல நாம வெக்கிற மாதிரி சாதாரண வைஃபை கார்டை எடுத்து, டவர் மேல திசை பார்த்த ஆன்டெனா வெச்சு, பத்துப் பதினைஞ்சு கிலோமீட்டர் தள்ளி இணைச்சாங்க. வைஃபை நூறு அடிக்குத்தானே? அது ஹார்ட்வேரோட எல்லை இல்லைங்க, மென்பொருளோட எல்லை. ஒரு பாக்கெட் அனுப்பினா 'வந்துச்சு'ன்னு பதில் வர்ற வரைக்கும் கார்டு காத்திருக்கணும். தூரம் அதிகமானா பதில் வர நேரமாகும், அதுக்குள்ள கார்டு பொறுமையில்லாம மறுபடி அனுப்பிடும். லினக்ஸ்ல டிரைவர் நிரல் கையில இருந்ததால அந்தப் பொறுமையை மாத்தி எழுதினாங்க. அதே கார்டு, அதே சிப். அந்தக் குழு 2008-ல ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டாங்க. கிராமத்து வயர்லெஸ் நெட்வொர்க்கை ஆரம்பிக்கிறது சுலபம், உயிரோட வெச்சிருக்கிறதுதான் கஷ்டம்ங்கிறதுதான் அதோட சாரம். அவங்களுக்குப் பெரிய எதிரியா இருந்தது நம்ம ஊர்க் கரண்ட். ஏறி இறங்குற வோல்டேஜ் போர்டை எரிச்சுது. அதுக்குன்னே விலை குறைஞ்ச கன்ட்ரோலர் ஒண்ணு செஞ்சாங்க. அந்தக் கட்டுரையை எங்க ஊர் லைன்மேனுக்குப் படிச்சுக் காட்டணும்னு எனக்கு ஆசை.

ரவுட்டர்லயும் இதே கதைதான். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜின்னு 2002 கடைசியில ஒரு நீலக் கலர் ரவுட்டர் வந்துச்சு. உள்ள லினக்ஸ் இருந்ததை 2003-ல ஆளுங்க கண்டுபிடிச்சு, உரிமப்படி மூல நிரலைக் கொடுன்னு கேட்டு வாங்கினாங்க. அதுல இருந்து பொறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. கம்பெனி கைவிட்ட எத்தனையோ ரவுட்டர் அதுலதான் புதுப் பாதுகாப்போட ஓடுது. நிரல் வெளிய இருந்தா சாமானுக்கு ஆயுசு கெட்டி.

இதை விவசாயி எதுக்குப் பேசுறான்னு நினைப்பீங்க. எங்க கிணத்து மோட்டார்ல மொபைல் ஸ்டார்ட்டர் இருக்குங்க. சிம் போட்ட பெட்டி. போன் அடிச்சா மோட்டார் ஓடும், மறுபடி அடிச்சா நிக்கும். த்ரீ பேஸ் கரண்ட் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தாலும் பாம்புக்குப் பயந்துக்கிட்டு டார்ச் எடுத்துட்டு ஓட வேண்டியதில்லை. அந்தப் பெட்டி ஓடுறது 2ஜியில. 2024 ஜனவரியில ஜியோ டிராய்க்குக் கொடுத்த கருத்துல, 2ஜியையும் 3ஜியையும் மொத்தமா மூட அரசு கொள்கை வகுக்கணும்னு சொல்லியிருந்துச்சு. அவங்க வியாபாரம், அவங்க நியாயம். போனை மாத்திக்கலாம், 4ஜி போன் விலை குறைவுதான்னு டவுன்ல சொல்வாங்க. கிணத்து மேட்டுல இருக்கிற பெட்டியை யார் கணக்குல சேர்த்தாங்க? வயர்லெஸ்னா உங்களுக்கு யூடியூப். எங்களுக்கு அதுல தண்ணியும் இருக்கு.

2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்துல மத்திய அரசு ரிப்பேர் உரிமைக்குன்னு ஒரு வலைத்தளம் திறந்துச்சு. நாலு துறை சொன்னாங்க. விவசாயக் கருவி, மொபைலும் எலக்ட்ரானிக்ஸும், வீட்டு உபயோக சாமான், வண்டி. விவசாயக் கருவி முதல் வரிசையில இருக்கிறதைப் பார்த்து சந்தோஷப்பட்டேன். ஆனா அங்க பேசுறதெல்லாம் பெரும்பாலும் ஸ்பேர் பார்ட்ஸ், சர்வீஸ் சென்டர், வாரன்டி. டிரைவரும் ஸ்பேர் பார்ட்தான்னு யாராவது சொல்லணும். டிராக்டருக்கு ஸ்பேர் கிடைக்கலன்னா கலெக்டர்கிட்ட மனு கொடுப்போம். வைஃபைக்கு டிரைவர் இல்லன்னா 'பழசு, தூக்கிப் போடு'ன்னு சொன்னதைக் கேட்டுக்கிட்டு வந்துடுறோம்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்லை. 2025-26 தமிழக பட்ஜெட்ல ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்னு அறிவிச்சாங்க. நல்ல காரியம். இவ்வளவு வாங்குற அரசு கேட்டா எந்தக் கம்பெனியும் மாட்டேன்னு சொல்லாது. டெண்டர்ல ஒரே ஒரு வரி சேர்க்கட்டும்: உள்ள வைக்கிற வைஃபை சிப்புக்கு, லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே டிரைவர் இருக்கணும். முன்னாடி கொடுத்ததுல நம்ம சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தாங்க. பசங்க வீட்டுக்கு வந்த முதல் வாரமே அதை அழிச்சுட்டு விண்டோஸ் மட்டும் வெச்சுக்கிட்டாங்க, அது வேற விஷயம். சொல்லித்தர ஆள் இல்லை. விழுப்புரத்துல விஜிஎல்யூஜின்னு ஒரு குழு கிராமத்துப் பசங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறாங்க, கணியம் மின்னிதழ் 2012-ல இருந்து தமிழ்லயே எழுதிக்கிட்டு வருது. மாவட்டத்துக்கு ஒரு குழு அப்படி இருந்தா பரண்ல இருக்கிறது பாதி இறங்கிடும்.

கையில மெஷின் வெச்சுக்கிட்டுத் தவிக்கிறவங்களுக்கு ரெண்டு மூணு விஷயம் சொல்லிடறேன். விண்டோஸ்ல பெரிய அப்டேட் போட்ட பிறகு வைஃபை போச்சுன்னா, பத்து நாளுக்குள்ள செட்டிங்ஸ்ல போய் பழைய பதிப்புக்கே திரும்பிடலாம். பதினோராவது நாள் அந்த வழி இருக்காது. லினக்ஸ்ல போச்சுன்னா, ஆன் பண்ணும்போது வர்ற மெனுவுல பழைய கெர்னல் இருக்கும். அதுல ஏறினா வைஃபை திரும்ப வந்துடும், அப்புறம் நிதானமா டிரைவரைப் பார்த்துக்கலாம். டிரைவர் இறக்கவே நெட் இல்லைன்னா ஆண்ட்ராய்டு போனை கேபிள்ல மாட்டி, யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. போன் வைஃபையில இருந்தா அந்த வைஃபையே கேபிள் வழியா லேப்டாப்புக்கு வரும். போனே அடாப்டர் ஆயிடுது. ஸ்கிரீன் உடைஞ்ச பழைய போன் ஒண்ணை இதுக்குன்னே ஜன்னல்ல கட்டி வெச்சிருக்கிறவர் எங்க ஊர்ல ஒருத்தர் இருக்கார்.

வாங்கும்போது பெட்டி மேல இருக்கிற பேரை நம்பாதீங்க, உள்ள என்ன சிப்னு பாருங்க. டிபி-லிங்க் டபிள்யூஎன்722என்னு ஒரு அடாப்டர் ரொம்பப் பிரபலம். அதோட முதல் பதிப்புல ஏத்தரோஸ் 9271. ரெண்டாவது பதிப்புல பேரும் அதே, உருவமும் கிட்டத்தட்ட அதே, உள்ள ரியல்டெக் சிப். பொன்னி அரிசின்னு மூட்டையில எழுதியிருந்தாலும் கையில அள்ளிப் பார்க்கிறோம்ல, அந்த மாதிரி பார்க்கணும்.

டவுன்ல உங்க வீட்டு டிராயர்ல இந்த மாதிரி அடாப்டர் ஒண்ணு ரெண்டு கட்டாயம் கிடக்கும். குப்பைக்குப் போறதுக்கு முன்னாடி சொந்த ஊர்ல இருக்கிற சித்தப்பா வீட்டுக்கோ, பக்கத்து அரசுப் பள்ளிக்கோ அனுப்பி வைங்க. அனுப்பும்போது அதோட பின்பக்கம் ஸ்டிக்கர்ல எத்தனாவது பதிப்புன்னு போட்டிருக்கிறதை ஒரு துண்டுச் சீட்டுல பெருசா எழுதி ஒட்டிடுங்க. எங்களுக்கு அந்தப் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி தேட வேண்டியிருக்கு.